நாற்காலியை யார் தீர்மானிப்பது?

ஆட்சி நாற்காலிக்கு இருவர் உரிமை கோரும்போது தீர்ப்பு அந்த நாட்டின் சட்டத்திலிருந்தும் மக்கள் மன்றத்திலிருந்தும்தான் வர வேண்டும். வெளிநாடுகள் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கும் தலைவர் நிலைப்பதில்லை. 2019 ஜனவரியில் வெனிசுவேலாவின் இடைக்கால அதிபராகத் தம்மை அறிவித்துக்கொண்ட ஹுவான் குவைதோவை அமெரிக்கா உட்பட 50க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றன. ரஷ்யாவும் சீனாவும் அப்போது பதவியில் இருந்த அதிபர் மதுரோவின் பக்கம் நின்றன. இராணுவமோ அரசு அலுவலகங்களோ குவைதோவின் கைக்கு வரவே இல்லை. 2022 டிசம்பரில் அவரது அணியினரே அந்த இடைக்கால அரசைக் கலைக்க வாக்களித்தனர்.

இதற்கு நேர்மாறாக நடந்தது இலங்கையில். 2018 அக்டோபர் 26 அன்று அதிபர் சிறிசேன, பிரதமர் ரணிலை நீக்கிவிட்டு மகிந்த ராஜபக்சவை நியமித்தார். சீனத் தூதர் மகிந்தவைச் சந்தித்து வாழ்த்தினார். மேற்கு நாடுகளோ நாடாளுமன்றத்தைக் கூட்டச் சொல்லி வற்புறுத்தின. அமெரிக்காவின் ஏறக்குறைய 50 கோடி டாலர் மேம்பாட்டு நிதி கிடப்பில் போடப்பட்டது. நவம்பர் 9 அன்று நாடாளுமன்றமே கலைக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்ததால் அவை மீண்டும் கூடியது.

நவம்பர் 16 அன்று அவைக்குள் மிளகாய்த்தூள் கலந்த தண்ணீர் வீசப்பட்டது, நாற்காலிகள் பறந்தன. சபாநாயகர் கரு ஜெயசூரியவின் இருக்கையை மகிந்த அணியினர் பிடித்துக்கொள்ள, அவர் போலீஸ் அரணுக்குள் நின்றபடியே மகிந்த மீதான நம்பிக்கையில்லா வாக்கெடுப்பை நடத்தினார்.

ஆனால், முடிவைத் தந்தது எந்தத் தூதரகமும் அல்ல. நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதை எதிர்த்த வழக்கின் முதல் மனுதாரர், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர், மறைந்த இரா. சம்பந்தன். நான்கரை ஆண்டு முடியும் முன் அதிபர் தன் விருப்பத்துக்கு அவையைக் கலைக்க முடியாது என்று அப்போது நடைமுறையில் இருந்த அரசியல் சட்டத்தின் 19ஆவது திருத்தம் சொன்னது. டிசம்பர் 13 அன்று ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அதை உறுதி செய்தனர். 51 நாள் குழப்பம் முடிந்து டிசம்பர் 16 அன்று ரணில் மீண்டும் பதவியேற்றார். சிங்களப் பெரும்பான்மை நாட்டின் அரசியல் சட்டத்தைக் காத்த அந்தத் தீர்ப்பு, ஒரு தமிழரின் பெயரில் பதிவாகியிருக்கிறது.

அப்படியானால் வெளிநாட்டுக் குரலே வேண்டாமா? வேண்டும். உள்நாட்டில் நீதி மறுக்கப்பட்ட ஈழத்தமிழர் ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் கதவைத் தட்டுவது நியாயமே. மாகாண சபைகளும் 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் வழியாக வந்தவைதான். உரிமை பறிக்கப்பட்டவருக்காகப் பேசுவது உலகத்தின் கடமை. யார் ஆள வேண்டும் என்று கைகாட்டுவது அதன் வேலை அல்ல. இந்த எல்லைக்கோடு அழியும்போது உள்நாட்டுப் பூசல் வல்லரசுகளின் பந்தயமாகிவிடுகிறது.

மலேசியாவில், பூச்சோங்கில் இருக்கும் நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். 2009இல் பேராக்கில் சட்டமன்ற உறுப்பினர்கள் மூவர் அணி மாறியதும் ஒரு மாநிலத்துக்கு இரண்டு மந்திரி பெசார்கள் உரிமை கோரினார்கள். அந்த ஆண்டு மே 7 அன்று சபாநாயகர் வி. சிவகுமார் அவையிலிருந்து இழுத்து வெளியேற்றப்பட்டார். 2020இல் அணி மாற்றத்தால் கூட்டரசு ஆட்சியே கவிழ்ந்தது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் 2022 அக்டோபர் 5 அன்றுதான் அமலுக்கு வந்தது.

எழுதி வைத்த சட்டம் தன்னைத் தானே காத்துக்கொள்ளாது. சம்பந்தன் வழக்குக்குக் கைகொடுத்த 19ஆவது திருத்தத்தையே இரண்டு ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு இலங்கை நாடாளுமன்றம் பெருமளவு ஒழித்தது. ஆகவே, வாக்குக் கேட்டு நம் வீட்டுக்கு வருபவரிடம் சாலை, சாக்கடையோடு இன்னொன்றையும் கேட்போம்: நாற்காலிக்குத் தகராறு வந்தால் நீங்கள் அரசியல் சட்டத்தின் பக்கம் நிற்பீர்களா? பதிலில் தடுமாறுபவருக்கு நம் வாக்கு வேண்டாம்.