திராட்சைத் தோட்டத்தில் இரண்டாவது தேனிலவு



பிரான்ஸ் நாட்டுக்குப் போக வேண்டும். அரண்மனை மாதிரி ஒரு ஹோட்டலில் தங்க வேண்டும். திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து அங்கே காய்ச்சாமல் புளிக்க வைக்கும் மதுவை ருசி பார்க்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம் படித்த மாணவி ஒருத்திக்கும் அவள் கணவருக்கும் இப்படி ஓர் ஆசை. இருவருக்கும் ஜொகூரில் தொழிற்சாலை வேலை. மணமாகிப் பத்தாண்டு நிறைவதைக் கொண்டாட மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்கி வருகிறார்கள். அவளுடைய தாயார் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கி மகளைப் படிக்க வைத்தவர். அவர்தான் என்னிடம் வந்து, "ஏன் டீச்சர், குடிக்கிறதுக்காகவா ஏரோப்ளேன் ஏறிப் போவாங்க?" என்று கேட்டார்.

அந்த அம்மாள் கேட்டதில் தவறே இல்லை. சம்பள நாளன்று கள்ளுக்கடை வாசலில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு காத்து நின்ற பெண்களை நம் தோட்டங்கள் நிறையவே பார்த்திருக்கின்றன. 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். பிறகு சம்சு வந்து எத்தனை குடும்பத்தைக் குலைத்தது என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா? மது என்ற சொல்லே நம் தாய்மாருக்கு வயிற்றைக் கலக்கும். நானும் அதைத் தொடாதவள்தான். பிரான்சுக்கும் போனதில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைகளுக்காகப் பல நாள் படித்தும், போய் வந்தவர்களைக் கேட்டும் ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தேன். படிக்கப் படிக்க, நமக்குத் தெரிந்த தோட்டம் ஒன்றைத்தான் அங்கேயும் பார்க்கிறோம் என்று தோன்றியது.

பிரான்சில் திராட்சை விளையும் வட்டாரங்கள் பல. எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் பார்க்க நினைத்தால் ரயில் நிலையங்களைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். ஒன்றே ஒன்று போதும் என்று சொல்லி, பர்கண்டி வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்தேன். பாரிசின் லியோன் நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் டிஜோன் நகருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கிருந்து சிறு ரயிலில் இருபது நிமிடம் போனால் போன் என்னும் பழைய ஊர். (நாம் காதில் வைத்துப் பேசும் போன் அல்ல; ஊரின் பெயரே அதுதான்.) டிஜோனிலிருந்து தெற்கே சாந்தனே வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சாலை, திராட்சைக் கிராமங்களைக் கோத்துக்கொண்டு போகிறது.

சாலையின் ஓரம் மேற்கே ஒரு தாழ்ந்த மலைச்சரிவு. அதன் உச்சியில் மண் குறைவு, கல் அதிகம். அடிவாரத்தில் களிமண், தண்ணீர் நிற்கும். நடுச் சரிவில்தான் சுண்ணாம்புக் கல்லும் மண்ணும் சரியாகக் கலந்து, மழைநீர் வடிந்து, காலை வெயில் நேராக விழுகிறது. ஆகவே நடுச் சரிவுக்கு மதிப்பு மிக அதிகம். பள்ளத்து மரத்துக்கும் மேட்டு மரத்துக்கும் பாலில் வித்தியாசம் உண்டு என்று பால் வெட்டிய எந்தப் பாட்டியும் சொல்வாரே, அதே கணக்குத்தான். அவர்கள் அந்த வித்தியாசத்தைப் பல நூற்றாண்டுகளாகக் கவனித்து, ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப் பெயர் வைத்து, எல்லைக் கல் நாட்டி வைத்திருக்கிறார்கள். 2015ல் யுனெஸ்கோ இந்தத் துண்டு நிலங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

செம்பனை ஒரு ஹெக்டேருக்கு 136 மரம் என்று நடுகிறோம். அங்கே ஒரு ஹெக்டேரில் ஏறக்குறைய 10,000 திராட்சைச் செடிகள்! இடுப்பளவு உயரம்தான். நிரைக்கும் நிரைக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. டிராக்டர் நுழைய இடம் இல்லாததால், நிரையின் மேலே கால் அகட்டி நின்று போகிற மாதிரி உயரமான டிராக்டர் செய்து வைத்திருக்கிறார்கள். அந்த வண்டியைப் பார்ப்பதற்கே போகலாம் என்றார் எங்கள் பள்ளித் தோட்டக்காரர்.

வோன்-ரொமனே என்ற கிராமத்துக்கு மேலே ரொமனே-கோந்தி என்றொரு துண்டு இருக்கிறது. மொத்தமே 1.8 ஹெக்டேர், நம் கணக்கில் நாலரை ஏக்கர். சுற்றி ஒரு தாழ்ந்த கல்சுவர், ஓரத்தில் ஒரு கற்சிலுவை. அவ்வளவுதான். உலகத்தின் மிக விலையுயர்ந்த திராட்சை மதுக்களில் ஒன்று அங்கே விளைகிறது. 1945ஆம் ஆண்டு விளைச்சலில் செய்த ஒரு புட்டி, 2018ல் நியூயார்க்கில் 558,000 அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. இருபது லட்சம் வெள்ளிக்கு மேல். அதை வாங்கியவர் குடித்தாரோ, பெட்டியில் பூட்டி வைத்தாரோ! நமக்கென்ன? சாலையில் நின்று அந்த நிலத்தைப் பார்ப்பதற்குக் காசு வேண்டாம். உள்ளே மட்டும் இறங்கக் கூடாது.

அந்த 1945ஆம் ஆண்டுக்கு ஒரு கதை உண்டு. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சின்னப் பூச்சி, பிரான்சின் திராட்சை வேர்களைக் கடித்து நாட்டையே பாழாக்கியது. கடைசியில் கண்ட வழி, நமக்கு நன்றாகத் தெரிந்த வழி: ஒட்டுக்கட்டுதல். பூச்சியைத் தாங்கும் அமெரிக்கச் செடியின் வேரில் பிரெஞ்சுத் திராட்சையை ஒட்டினார்கள். நம் நர்சரியில் ரப்பர் ஒட்டுக் கன்று கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரொமனே-கோந்தியிலோ பழைய வேரிலேயே செடிகளைக் காப்பாற்றி வந்தார்கள். 1945 அறுவடையோடு அவை முடிந்தன. பிடுங்கிவிட்டு 1947ல் ஒட்டுச் செடிகளை நட்டார்கள். பழைய வேரின் கடைசி விளைச்சல் என்பதும் அந்த விலைக்கு ஒரு காரணம்.

சரி, பயணத்துக்கு வருவோம். எப்போது போவது? அறுவடையைப் பார்க்க வேண்டுமானால் செப்டம்பர் முதல் பாதி. முன்பெல்லாம் செப்டம்பர் கடைசியில்தான் பறிப்பார்கள். போன் நகரில் 1354 முதல் அறுவடைத் தேதிகளைத் திரட்டி ஆராய்ந்திருக்கிறார்கள். 1988க்குப் பிறகு அறுவடை சராசரியாக 13 நாள் முந்திவிட்டதாம். வெயில் கூடிவிட்டது. சில ஆண்டுகளில் ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுகிறது. ஆனால் ஒன்று: அறுவடை நாளில் சிறு தோட்டக்காரர்களுக்கு விருந்தாளியைக் கவனிக்க நேரம் இருக்காது. நிதானமாகப் பேசிப் பார்க்க விரும்புகிறவர்கள் மே, ஜூன் மாதங்களில் போகலாம். என் மாணவி செப்டம்பரைத்தான் விரும்பினாள். "ஆள் வேலை செய்யறதைப் பார்க்காம தோட்டத்துல என்ன டீச்சர் பார்க்கிறது?" என்றாள். தோட்டத்துப் பெண் அல்லவா!

மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் 180 நாளில் 90 நாள் வரை விசா இல்லாமல் சுற்றிப் பார்க்கலாம். எல்லையில் கைரேகை, புகைப்படம் எடுக்கும் புதிய முறை 2025 அக்டோபரில் தொடங்கியது. முன்கூட்டியே அனுமதி பெறும் முறை ஒன்றையும் ஐரோப்பிய நாடுகள் ஏற்பாடு செய்து வந்தன. ஆகவே டிக்கெட் எடுக்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஹோட்டல் விஷயத்தில்தான் எங்களுக்குள் பெரிய வாதம். பிரான்சில் ஐந்து நட்சத்திரத்துக்கும் மேலே "பாலாஸ்" என்று ஒரு தனித் தகுதியை 2010ல் உண்டாக்கினார்கள். அரண்மனை என்று அர்த்தம். பாரிசில் அத்தகைய ஹோட்டலில் ஓர் இரவு 1000 யூரோவைத் தாண்டும். யூரோவை 5 வெள்ளி என்று வைத்தால் 5000 வெள்ளி. நம் நாட்டில் 2025ல் குறைந்தபட்சச் சம்பளம் 1700 வெள்ளி ஆனது. கிட்டத்தட்ட மூன்று மாத உழைப்பு, ஒரு தூக்கத்துக்கு! பாரிசை விட்டுவிடுங்கள் என்றேன். பர்கண்டியிலும் பழைய மாளிகைகளை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். அங்கேயும் பல நூறு யூரோ ஆகும். ஆனாலும் அது வாழ்நாள் ஆசை. நாலு இரவில் ஓர் இரவு அங்கே இருக்கட்டும், அதுவும் கடைசி இரவாக இருக்கட்டும். முதல் இரவே மாளிகையில் படுத்தால் மற்ற அறைகள் எல்லாம் குறையாகத் தெரியும்.

மற்ற மூன்று இரவுக்கும் தோட்டக்காரர்களே தங்கள் வீட்டில் அறை கொடுக்கிறார்கள். இத்தகைய வீடுகளில் ஐந்து அறைக்கு மேல் விடக் கூடாது, காலைச் சாப்பாடும் சேர்த்துத்தான் தர வேண்டும் என்பது அங்கே சட்டம். காலையில் வீட்டுக்காரம்மா ரொட்டியும் பழப்பாகும் கொண்டு வந்து வைப்பார். இந்த ஆண்டு மழை எப்படி, பூச்சி எப்படி என்று கேட்டால் போதும். உலகத்தில் எந்த விவசாயியும் அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார். இது மாளிகையில் கிடைக்காது.

சாப்பாட்டு நேரம் கவனம். மதியம் 12 முதல் 2 வரை. இரவு 7 மணிக்குப் பிறகுதான். நடுவில் அடுப்பு அணைந்துவிடும். ஞாயிறு இரவும் திங்களும் பல கடைகள் மூடியிருக்கும். விலைப்பட்டியலில் போட்ட விலையிலேயே பரிமாறும் கூலியும் சேர்ந்திருக்கிறது. தனியாக வைக்காவிட்டால் யாரும் முறைக்க மாட்டார்கள்.

இனி ருசி பார்க்கும் கதை. தோட்டங்களுக்கு முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். சின்னக் கிண்ணத்தில் இரண்டு வாய் ஊற்றுவார்கள். வெளிச்சத்தில் நிறம் பார்த்து, முகர்ந்து, வாயில் வைத்துப் புரட்டி, பக்கத்தில் இருக்கும் சாடியில் துப்பிவிடலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. தொழில் தெரிந்தவர்கள் எல்லாரும் துப்புகிறவர்கள்தான். இதைச் சொன்னதும் அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கள்ளுக்கடையில ஒருத்தர்கூட துப்பி நான் பார்த்ததில்லையே, டீச்சர்!"

துப்பினாலும் சிறிது உள்ளே போகும். பிரான்சில் வண்டி ஓட்டுபவரின் இரத்தத்தில் லிட்டருக்கு அரை கிராம் மது இருந்தாலே குற்றம். ஆகவே கார் வேண்டாம். போன் நகரிலிருந்து சாந்தனே வரை திராட்சை நிரைகளுக்கு நடுவே 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஒரு சைக்கிள் பாதை போகிறது. ஒரு நாளைக்கு இரண்டே தோட்டம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மீதி நேரம் நடங்கள், பேசுங்கள். தொழிற்சாலையில் ஒருவருக்குப் பகல் ஷிப்டு, மற்றவருக்கு இரவு ஷிப்டு என்று வாழ்பவர்கள் அவர்கள்.

இன்னொன்றையும் அவளிடம் சொல்லி அனுப்பினேன். நிரைக்குள் குனிந்து நிற்பவர்களையும் பார்த்துவிட்டு வா. பர்கண்டியின் உயர்ந்த தோட்டங்களில் இன்றும் பழம் கையால்தான் வெட்டுகிறார்கள். இடுப்பளவு செடிக்கு நாளெல்லாம் குனிய வேண்டும். முதுகில் கூடை சுமந்து வண்டிக்குக் கொண்டு போக வேறு ஆட்கள். அறுவடை முடிந்த அன்று தொழிலாளிக்கும் முதலாளிக்கும் ஒரே மேசையில் விருந்து வைக்கும் பழைய வழக்கம் உண்டு. போலே என்று பெயர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பர்கண்டிக்கு வடக்கே, நுரை பொங்கும் மதுவுக்குப் பெயர் போன ஷாம்பேன் வட்டாரத்தில், 2023 செப்டம்பர் வெயிலில் பறிக்க வந்தவர்களில் சிலர் இறந்துபோனார்கள். அதே அறுவடையில், பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த, அனுமதிப் பத்திரம் இல்லாத 50க்கும் மேற்பட்டவர்களை மனிதர் இருக்கத் தகாத வீட்டில் அடைத்து வேலை வாங்கியது தெரியவந்தது. 2025 ஜூலையில் அங்குள்ள நீதிமன்றம் மனிதக் கடத்தல் குற்றத்துக்காக மூவருக்குத் தண்டனை விதித்தது. ஆள் பிடிக்கும் இடைத்தரகர் வழியாக நடந்த வேலை இது. கங்காணி காலத்துக் கதைகளைத் தாத்தாக்களிடம் கேட்டு வளர்ந்த நமக்கு, விளக்கம் தேவையா? ருசி பார்க்கும் இடத்தில், "பழம் வெட்டுபவர்கள் எங்கே தங்குகிறார்கள்?" என்று ஒரு கேள்வி கேள் என்றேன். நல்ல தோட்டக்காரர் மகிழ்ச்சியோடு காட்டுவார்.

கடைசி நாளுக்கு ஓர் இடம் மீதி வைத்திருக்கிறேன். போன் நகரில் வண்ண ஓடு வேய்ந்த ஒரு பெரிய கட்டடம். பெயரில் "ஓட்டல்" என்று வருவதால் அறை கேட்டுவிடாதீர்கள், அது ஆஸ்பத்திரி. பர்கண்டி பிரபுவின் முதலமைச்சராக இருந்த நிக்கோலா ரோலன் என்பவரும் அவருடைய மூன்றாம் மனைவி கிகோனும் 1443ல் ஏழைகளுக்காக நிறுவியது. இத்தனை ஏழைகளை உண்டாக்கியவர் அவர்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டியது நியாயம்தான் என்று பதினோராம் லூயி மன்னர் கேலி பேசியதாகச் சொல்வார்கள். இருக்கட்டும். சிவப்புத் திரை போட்ட படுக்கைகள் வரிசையாக இருக்கும் அந்த நீண்ட கூடத்தை இன்றும் பார்க்கலாம். 1971 வரை அங்கே நோயாளிகளைப் பார்த்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரிக்குப் பல தலைமுறையாக மக்கள் திராட்சை நிலங்களைத் தானமாக எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று சுமார் 60 ஹெக்டேர். 1859ல் தொடங்கிய ஏலம் இப்போது ஆண்டுதோறும் நவம்பர் மூன்றாம் ஞாயிறு நடக்கிறது. அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்கும் தருமத்துக்கும் போகிறது. மதுவில் வந்த காசு நோயாளியின் கட்டிலுக்குப் போகிறது என்று கேட்டபோது அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார்.

அங்கே தரை ஓடுகளைக் குனிந்து பாருங்கள். இருவர் பெயரின் முதல் எழுத்துகளும் பின்னிக் கிடக்கும். பக்கத்தில் ஒரு நட்சத்திரமும், "அவள் ஒருத்தியே" என்று பொருள்படும் ஒரு பிரெஞ்சுச் சொல்லும் இருக்கும். மனைவிக்காக ரோலன் பொறித்தது. 1462ல் அவர் இறந்த பிறகு, கிகோன் அம்மையார் அந்த ஆஸ்பத்திரியிலேயே இருந்து நோயாளிகளைக் கவனித்து, 1470ல் காலமானார். அங்குள்ள சிற்றாலயத்திலேயே அடக்கம். காலையில் கதவு திறந்ததும் போய்விடுங்கள். சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிட்டால் தரை தெரியாது.