புதிய கேப்டனுக்கு இன்னும் 100 அடி

சென்னையில் போகிப் பண்டிகையின் விடியற்காலத்தில் புகையும் மூடுபனியும் கலந்து மீனம்பாக்கத்து ஓடுபாதையை மறைத்துவிடும்போது, இறங்க வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்படுவதை நம்மில் பலர் அறிவோம். ஆனால் ஒரே பனியில், ஒரே ஓடுபாதையை நோக்கி, ஒரே வகை விமானத்தைச் செலுத்தி வரும் இரு கேப்டன்களுள் ஒருவர் இறங்கலாம், மற்றவர் இறங்கலாகாது என்று விதிக்கும் ஒரு நியதி அமெரிக்காவில் நெடுங்காலமாக நடைமுறையில் இருப்பதை அறிந்தவர் சிலரே. அதைத் தளர்த்த வேண்டும் என்ற வாதம் அவ்வப்போது எழுவதால், அதன் நியாயத்தைச் சற்று விரிவாக ஆராய்வது அவசியமாகிறது.

விதி இதுதான்: ஒரு கேப்டன் தாம் செலுத்தும் அந்த வகை விமானத்தில், விமான நிறுவனச் சேவையில், தலைமை விமானியாக 100 மணி நேரம் பறந்து முடிக்கும் வரையில், இறங்குவதற்கான குறைந்தபட்ச உயரத்தோடு 100 அடியையும் பார்வைத் தூரத்தோடு அரை மைலையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஐ.எல்.எஸ். கருவியின் வழிகாட்டுதலில் இறங்கும் சாதாரண முறையில் மற்றவர்களுக்கு எல்லை 200 அடியும் அரை மைலும் என்றால், இவருக்கு அது 300 அடியும் ஒரு மைலும் ஆகிறது. அடர்ந்த பனியிலும் இறங்க இடமளிக்கும் இரண்டாம், மூன்றாம் வகை முறைகள் அதுவரை அவருக்கு இல்லை. வேறொரு வகை விமானத்தில் ஏற்கெனவே 100 மணி தலைமை வகித்தவருக்கு, ஒவ்வொரு தரையிறக்கத்தையும் ஒரு மணியாகக் கணக்கிடும் சலுகை உண்டு. ஆயினும் பாதிக்கு மேல் கழிக்க முடியாது. விமானிகள் பேச்சில் இவர் ‘ஹை மினிமம்ஸ் கேப்டன்’.

நூறு அடி என்பது தரையில் நிற்பவருக்கு ஒரு பனைமரத்துக்குச் சற்று மேற்பட்ட உயரம். நிமிஷத்துக்கு ஏறக்குறைய 700 அடி வீதம் கீழிறங்கும் ஜெட் விமானத்தில் அது எட்டு, ஒன்பது விநாடிப் பொழுது. அந்த விநாடிகளுக்குள், கருவிகளையே பார்த்துவந்த கண்களை ஜன்னலுக்கு உயர்த்தி, தெரிவது ஓடுபாதையின் விளக்குகள்தாமா என்று நிச்சயித்து, இறங்குவதா, விசையைக் கூட்டி மீண்டும் மேலெழுவதா என்று தீர்மானிக்க வேண்டும். புதியவருக்குச் சட்டம் கொடுக்கும் தயாள தானம் இந்த எட்டு விநாடிகளே.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றுள் வலிமையானது ஒன்று. அதே விமானத்தில் துணை விமானியாகப் பல்லாயிரம் மணி நேரம் பறந்தவர், பனியிலும் மழையிலும் எத்தனையோ முறை தம் கையாலேயே இறக்கியவர், பதவி உயர்வு பெற்ற மறுநாளே அநுபவமற்றவராகிவிடுவாரா என்று கேட்கிறார்கள். கைத்திறனில் அவர் குறைந்தவரல்லர் என்பது மெய். எனினும், வலப்பக்க ஆசனத்தில் பழகிய உடல் இடப்பக்கத்துக்கு மாறும்போது, இடக்கையால் விசையை ஆண்டவர் வலக்கையால் ஆள வேண்டியிருக்கிறது. இந்தச் சிறு மாற்றம்கூடச் சில வாரங்கள் கவனத்தில் ஒரு பகுதியைத் தின்னும். அதைவிடப் பெரியது, இதுவரை தம் பக்கத்தில் இறுதி வார்த்தை சொல்ல ஒருவர் இருந்தார், இனி அந்த இறுதி வார்த்தை தாமே சொல்ல வேண்டும் என்ற நிலை. எரிபொருள் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, மாற்று நிலையத்தில் வானிலை எப்படி, பின்னால் அமர்ந்திருக்கும் பிரயாணிகளிடம் என்ன சொல்வது என்பனவெல்லாம் ஒருங்கே வந்து சூழும்போது சித்தம் நிதானம் இழக்காதிருக்கும் பழக்கம், அந்த ஸ்தானத்தில் அமர்ந்த பிறகே வாய்க்கக் கூடியது.

1987 நவம்பர் 15 அன்று டென்வரில், பனி பொழிந்துகொண்டிருந்த வேளையில், காண்டினென்டல் நிறுவனத்தின் டி.சி.-9 விமானம் மேலெழும்போதே கவிழ்ந்து 28 பேர் மாண்டனர். கேப்டன் அந்த வகை விமானத்தில் தலைமை வகித்தது 33 மணி; துணை விமானிக்கு அதில் இருந்த அநுபவம் 36 மணி. இறக்கைகளில் பனி நீக்கிய பிறகு வெகுநேரம் காத்திருந்தும், மீண்டும் ஒரு முறை நீக்காமல் புறப்பட்டதே பிரதான காரணம் என்ற விசாரணைக் குழு, புதிதாகத் தகுதி பெற்ற விமானிகளைக் கட்டுப்படுத்தும் விதிகள் போதாமையையும் காரணங்களுள் ஒன்றாகக் குறித்தது. அது தரையிறக்கம் அன்று. 100 அடி விதி அங்கே எதையும் தடுத்திருக்காது. ஆயினும் ‘இன்னொரு முறை நீக்கிவிட்டுப் போவோம்’ என்று தாமதத்தைத் தாமே விதித்துக்கொள்ளும் துணிவு புதிய தலைவருக்கு எளிதில் வருவதில்லை என்பதற்கு அதைவிடத் துயரமான சாட்சியம் வேண்டியதில்லை. இரண்டு புதியவர்களை ஒருங்கே அமர்த்தலாகாது, இருவருள் ஒருவருக்கேனும் அந்த விமானத்தில் 75 மணி அநுபவம் இருக்க வேண்டும் என்ற விதி பின்னர் வந்தது.

இக்காலத்து விமானம் தானாகவே இறங்க வல்லதாயிற்றே என்பாரும் உண்டு. அது தவறும் கணத்தைக் கண்டுகொண்டு கைவிடச் சொல்பவர் மனிதரே ஆதலால், அந்த வாதம் என்னைத் திருப்திப்படுத்தவில்லை.

என் குறையெல்லாம் விதியின் பாரம் யார் தோளில் விழுகிறது என்பதிலேதான். அமெரிக்க நிறுவனங்களில் பணிமூப்பே பணி அட்டவணையைத் தீர்மானிப்பதால், கேப்டன்களுள் கடைசியாக வந்தவர் பெரும்பாலும் மாற்றுப் பணியாளராகக் காத்திருந்து, பனியாலும் புயலாலும் அட்டவணை குலைந்த நாட்களிலேயே அவசரமாக அழைக்கப்படுகிறார். அப்போது அவர் எல்லையை நினைவூட்டி மறுத்தால் தயக்கக்காரர் என்ற எண்ணம் எழ இடமுண்டு. அங்கே புறப்பாட்டுக்கு கேப்டனோடு கூட்டுப் பொறுப்பு ஏற்கும் டிஸ்பாட்சர், எரிபொருளைக் கணக்கிடும் வேளையிலேயே இவருடைய எல்லையையும் முன்வைத்து, மாற்று நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் மிஞ்சுமளவுக்கு ஏற்றிக் கொடுக்க வேண்டும். பனி எதிர்பார்க்கப்படும் ஊருக்கு வேறு கேப்டனை அனுப்புவதும் நிறுவனத்தின் வேலையாகவே இருக்க வேண்டும். ‘நான் புதியவன்’ என்று அந்த மனிதர் வாய்விட்டுச் சொல்லும்படி ஒருநாளும் விடலாகாது.

மாதத்துக்கு எழுபது, எண்பது மணி பறக்கும் ஒருவருக்கு இந்தக் கட்டுப்பாடு ஏறத்தாழ ஆறு வாரத்தில் தீர்ந்துபோகிறது. அந்த ஆறு வாரத்தைக் குறைக்கும்படி எந்த நிறுவனம் விண்ணப்பித்தாலும் அரசு இணங்கக் கூடாது.