மீன் தொட்டிக்கு ஒரு மூடி



எத்தாளையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: “மௌலவி, மகன் வளர்க்கும் கப்பி மீன்களில் ஒன்று ஸுபஹுக்கு எழும்பிப் பார்த்தால் தரையில் காய்ந்து கிடக்கிறது. இனித் தொட்டிக்கு மூடி செய்து, எல்.ஈ.டி. லைட்டும் பூட்டப்போகிறானாம். கரண்ட் வேலை என்பதால் பயமாக இருக்கிறது. மீன் வளர்ப்பது ஹராம் என்று சொல்லித் தடுக்கட்டுமா?”

வேண்டாம். பயம் வேறு, ஹராம் வேறு. அனஸ் (ரழி) அவர்களின் தம்பி அபூ உமைர் சிறு குருவியொன்றை வைத்து விளையாடினார். அது இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அதைப் பற்றி அன்போடு விசாரித்தார்களே தவிர, ஏன் வளர்த்தாய் என்று கடிந்துகொள்ளவில்லை. பூனையை அடைத்துவைத்து, உணவும் கொடுக்காமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்த செய்தியும் புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் இருக்கிறது. ஆக, வளர்க்கலாம், ஆனால் அடைத்துவைத்த பிறகு அதன் பொறுப்பு நம்முடையது. கப்பி துள்ளும் மீன். மூடி இல்லாத தொட்டியில் அதை விட்டது நம் பிழைதான்.

இனி மகனுடன் உட்கார்ந்து திட்டம் போடுங்கள். இரண்டடித் தொட்டிக்கு மூன்று அங்குல உயர மூடி போதும். ப்ளைவுட் ஈரத்தில் ஊதிவிடும். தகரமோ, கச்சான் காற்று கொண்டுவரும் உப்பில் நம் ஊரில் எத்தனை நாள் நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும். சீலிங் அடித்து மிஞ்சிய பி.வி.சி. பலகை நல்லது. முன்பக்கம் தீன் போட ஒரு சின்னக் கதவு, பின்பக்கம் காற்றுக் குழாய் நுழைய ஒரு வெட்டு. முழுவதும் இறுக்கி மூடிவிடாதீர்கள். நீரின் மேற்பரப்பில் காற்றுப் பட வேண்டும்.

லைட்டில்தான் கண்டிப்பு வேண்டும். 230 வோல்ட் வயர் மூடிக்குள் போகவே கூடாது. 12 வோல்ட் எல்.ஈ.டி. பட்டி, அதுவும் ஈரம் புகாதபடி சிலிக்கன் பூசியது வாங்குங்கள். கப்பிக்குப் பத்து வாட் தாராளம். பட்டிக்கும் தண்ணீருக்கும் நடுவே தெளிவான கண்ணாடித் துண்டொன்று இருக்கட்டும். அடாப்டர் தொட்டியை விட்டுத் தள்ளிச் சுவரில் இருக்க வேண்டும். வயரைப் பிளக்கை விடக் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றுங்கள். வயர் வழியே வழியும் தண்ணீர் பிளக்குக்குள் இறங்காமல் கீழேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கை வைக்குமுன் பிளக்கைக் கழற்றுவது சட்டம். வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதிலுள்ள ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். (எத்தனை வீடுகளில் அதை ஒருமுறையாவது அழுத்தியிருக்கிறோம்?)

பிள்ளை அழகுக்காக இரவு முழுதும் எரிய விடப் பார்ப்பான். மீனுக்குக் கண்ணிமை கிடையாது. இருட்டுத்தான் அதற்கு ஓய்வு. வெளிச்சம் கூடினால் கண்ணாடியில் பாசியும் படியும். தூங்குமுன் விளக்கை அணைக்கவும் பாத்திரங்களை மூடவும் நபி (ஸல்) அவர்கள் ஏவியதை அவனுக்கு நினைவூட்டுங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து பகல் இரண்டு மணிக்குப் போட்டு, இஷாவுக்குப் பள்ளிவாசல் புறப்படும்போது அவனே அணைத்துவிட்டுப் போகட்டும்.