பல்லைப் பிடித்துப் பார்க்கலாம்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது தமிழர் வழக்கு. விலையின்றிக் கிடைக்கும் கணினி மென்பொருள்களைப் பற்றித் தமிழரிடையே நிலவும் எண்ணமும் இதனை ஒட்டியதே. "இலவசந்தானே, கிடைத்தவரை இலாபம்" என்பர் ஒரு சாரார். "இலவசத்தில் என்ன தரம் இருக்கும்?" என்பர் மறு சாரார். இரு சாராரும் மாட்டை அறியாதவரே.

முதலில் சொல்லைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். 1983ஆம் ஆண்டு ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய இயக்கம் வேண்டியது விலையின்மையன்று; விடுதலை. மென்பொருளை எப்பணிக்கும் பயன்படுத்தவும், அதன் மூலநிரலை ஆராய்ந்து மாற்றவும், படியெடுத்து வழங்கவும், மாற்றியதைப் பரப்பவும் உரிமை வேண்டும் என்பதே அதன் கோட்பாடு. ஆங்கிலத்தில் இவ்விரு பொருளுக்கும் ஒரே சொல் வழங்குதலின் அங்கே குழப்பம் நேர்ந்தது. தமிழிலோ இலவசம் வேறு, கட்டற்றது வேறு. சொந்த வீட்டில் விளக்கிருக்க, அயல்வீட்டு இருளைக் கடன் வாங்குவது அறிவுடைமையாகுமா?

தரமில்லை என்போர் 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளின் வரலாற்றை நோக்குக. 1977இல் தம் நூலின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப்படியின் அழகின்மை கண்டு வெதும்பினார் பேராசிரியர் டொனால்டு குனுத். குறை கூறுவதோடு நில்லாமல், அச்சுக்கோக்கும் கருவியைத் தாமே படைத்தார். வரி வரியாகப் பாராமல், பத்தி முழுவதையும் ஒருசேர நோக்கி, எங்கு முறித்தால் இடைவெளி சீராகும் எனக் கணக்கிடுவது அதன் சிறப்பு. பிழை கண்டு சொன்னோர்க்குப் பரிசுத் தொகையும் அளித்தார் அவர். 2004இல் ஜோனதன் கியூ உருவாக்கிய 'சீடெக்' ஒருங்குறியை ஏற்றமையால், தமிழின் கொம்பும் காலும் அதில் இடம் பிறழாமல் அமைகின்றன.

ஒலித்துறையில் 'ஒடாசிட்டி' உண்டு. 1999இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டு, 2000இல் வெளிவந்தது. இரைச்சல் மட்டும் உள்ள சிறு பகுதியைக் காட்டினால், அதன் இயல்பை அறிந்து பதிவு முழுதும் அதனைத் தணிக்கிறது. மலேசிய இரப்பர்த் தோட்டங்களின் தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த மூதாட்டியர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். அவர்தம் குரலை மின்விசிறியின் ஓசையினின்றும் பிரித்துக் காக்கப் பணம் இனித் தடையன்று, மனமே தடை.

கட்டற்றதற்குக் காவல் இல்லை என்பாரும் உளர். 2021இல் ஒடாசிட்டி மியூஸ் குழுமத்தின் பொறுப்பில் சென்றது. பயன்படுத்துவோர் பற்றிய தரவுகளைத் திரட்டும் திட்டம் முன்மொழியப்பட்டபோது, பயனர் கிளர்ந்தெழுந்தனர், அத்திட்டம் கைவிடப்பட்டது. மூலநிரலைக் கொண்டு தனிக் கிளைகளும் தோன்றின. பூட்டிய மென்பொருளில் இது இயலுமா? விலை கொடுத்து வாங்கிய மாடு வாயைத் திறவாது. இந்த மாட்டின் பல்லையோ யாரும் எண்ணலாம்.

பூட்டின் கேட்டைத் தமிழர் பட்டறிந்தவரே. ஒருங்குறி பரவுமுன், எழுத்துருதோறும் குறியீடு வேறுபட்டது. அன்று கோக்கப்பட்ட பள்ளி மலரையும் சங்க வெளியீட்டையும் அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழ் இராது. பொருளற்ற குறிகளே நிற்கும்.

இதனினும் வெட்கத்தக்கது ஒன்றுண்டு. விலை கொடுக்க இயலாதோர் சிலர், உரிமம் பெறாத திருட்டுப் படியை நாடுகின்றனர். திருக்குறளின் இருபத்தொன்பதாம் அதிகாரம் கள்ளாமை. அதனைத் திருட்டு மென்பொருளில் அழகுற அச்சிட்டு மாணவர் கையில் கொடுத்தால், மாணவர் கற்பது குறளையா, களவையா?

கற்பது கடினம் என்பது மெய்யே. டெக் ஒரே நாளில் கைவராது. எளிதில் தொடங்க விரும்புவோர்க்கு லிப்ரே ஆஃபீசும் ஸ்கிரைபசும் உள. விலை இல்லையென்றாலும் உழைப்பு உண்டு என்பதை மறைப்பவர் இவ்வியக்கத்துக்கு நண்பரல்லர். ஆனால், உரிமத்துக்குக் கொடுத்த பணம் ஆண்டோடு தீரும். ஓர் ஆசிரியர் கற்ற கல்வி அவர்தம் மாணவரிடம் வளரும்.

எனவே, பள்ளிகளும் சங்கங்களும் அடுத்த மலரைக் கட்டற்ற கருவியில் கோக்க முற்படுக. அதற்குமுன் ஒரு மூதாட்டியின் பாட்டையேனும் பதிவு செய்க. மென்பொருள் காத்திருக்கும், மூதாட்டி காத்திரார்.