ஊசிக்கு முன்னால் ஒரு வாரம்

ஊரிகத்தில் மார்பு எக்ஸ்ரே என்றால் அது வெறும் படம் அல்ல. கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் ஓடிய காலத்தில் பல குடும்பங்களின் எதிர்காலத்தை அந்தப் படம்தான் சொன்னது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. உள்ளே போன தூசி மட்டும் வெளியே வரவில்லை. அன்று 35 வயதில் வேலை இழந்தவர் இன்று 60ஐத் தொட்டிருப்பார். நிற்காத இருமலுக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில் ஒரு நிழல் தெரிகிறது, “பயாப்ஸி செய்து பார்த்துவிடலாம்” என்கிறார் டாக்டர். தேதி குறித்தாகிவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் இருவருக்குத் தூக்கமில்லை.

இந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இங்கே தங்கம் இருந்தது குவார்ட்ஸ் பாறைக்குள். அதைத் துளையிடும்போது கிளம்பும் சிலிகா தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகிவிடும். அதுதான் சிலிக்கோசிஸ். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாகப் பதிவானதே கோலார் தங்கச் சுரங்கங்களில்தான். பரிசோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கும் அதிகமானவர்களுக்கு அது இருந்தது. சிலிக்கோசிஸ் உள்ளவரைக் காசநோய் எளிதில் தொற்றும். சிலிகா தூசி புற்றுநோயையும் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997ல் அறிவித்தது. இருமி இருமி ஓய்ந்தவர்களின் கதை லைன் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பயாப்ஸி என்ற சொல்லைக் கேட்டதும் கணவரின் மனதில் ஓடுவது அந்தக் கதைகள்தான்.

இந்த நேரத்தில் மனைவி சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: “ஒண்ணும் ஆகாதுங்க.” அன்பில்தான் சொல்கிறார். ஆனால் அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பயத்தைச் சொன்னால் மனைவியைக் கலங்க வைப்போம் என்று கணவர் மௌனமாகிறார். அவர் மௌனத்தைப் பார்த்து இவரும் வாயைத் திறப்பதில்லை. இதைவிட உதவக்கூடியது ஒரு கேள்வி: “எதை நெனச்சுப் பயப்படுறீங்க?” ஊசியையா, நோயின் பெயரையா, செலவையா, தனக்குப் பிறகு வீடு என்னாகும் என்பதையா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

ஊசி என்றால் பதில் எளிது. நிழல் நுரையீரலின் ஓரத்தில் இருந்தால், தோலை மரத்துப் போகச் செய்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்திச் சிறு துணுக்கு எடுப்பார்கள். மூச்சுக்குழாயை ஒட்டி இருந்தால், வாய் அல்லது மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு எடுப்பார்கள். ஊசி முறையில் ஐந்தாறு பேரில் ஒருவருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று கசியலாம். பலருக்குத் தானாகவே சரியாகும்; சிலருக்கு மட்டும் குழாய் வைத்துக் காற்றை வெளியேற்ற நேரும். சளியில் சிறிது ரத்தம் வருவதும் உண்டு. இதையெல்லாம் முன்பே தெரிந்துகொண்டவர், அப்படி நடந்தாலும் பதறமாட்டார்.

பெயர்தான் பயம் என்றால் சற்று விளக்க வேண்டும். நிழல் எல்லாம் புற்றுநோய் அல்ல. சிலிக்கோசிஸ் தழும்புகளே ஒன்றுசேர்ந்து கட்டிபோல் தெரியும். காசநோயும் அப்படித் தெரியும். பெரும்பாலும் ஆறு மாத மருந்தில் அது குணமாகும். எது என்று ஊகிக்காமல் அறியத்தான் பயாப்ஸி. “கத்தி பட்டால் பரவிவிடும்” என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். ஊசி போன வழியில் நோய் பரவுவது மிக மிக அபூர்வம். அதற்குப் பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போட்டால்தான் ஆபத்து.

கூட இருப்பவருக்கு வேலையும் இருக்கிறது. முதல் வேலை, கணவர் எந்தச் சுரங்கத்தில், எத்தனை ஆண்டு, என்ன வேலை செய்தார் என்று ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுப்பது. தங்கவயலை அறியாத இளம் டாக்டருக்கு இந்த ஒரு தாள் பாதி நோயைச் சொல்லிவிடும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. எத்தனை மணி நேரம் பட்டினி, முடிவு எப்போது வரும் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சுரங்கத்தோடு கம்பெனி ஆஸ்பத்திரியும் போய்விட்டதால் இப்போது பலர் கோலாருக்கோ பெங்களூருக்கோ வேலூருக்கோ போகிறார்கள். ஊசி போட்ட அன்றே நெரிசலான பங்காருப்பேட்டை ரயிலில் திரும்புவது சரியல்ல. அன்றிரவு ஆஸ்பத்திரிக்கு அருகில் தங்குவது நல்லது. திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ரத்தம் அதிகமாக வந்தாலோ உடனே திரும்பிப் போக வேண்டும்.

முடிவு வரச் சில நாட்கள் ஆகும். எல்லாவற்றையும்விடக் கடினமானது அந்தக் காத்திருப்புதான். நலம் விசாரிக்க வருகிறவர்களில் யாரை உள்ளே விடுவது என்பதை மனைவி முடிவு செய்யலாம். அவருக்கும் பயம் உண்டு. அக்காளிடமோ தோழியிடமோ ஒருமுறை அழுதுவிடுவதில் தவறில்லை. பரிசோதனை மனைவிக்கு என்றால் கணவனுக்கும் இவை அனைத்தும் பொருந்தும்.

ஒன்றை மட்டும் செய்யக் கூடாது. நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு, முடிவைக் குடும்பத்தார் மட்டும் கேட்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மறைத்த செய்தி எப்படியும் முகத்தில் தெரிந்துவிடும். அதன்பின் மனைவி சொல்லும் நல்ல செய்தியையும் கணவர் நம்பமாட்டார். என்ன வந்தாலும் சேர்ந்தே கேட்போம் என்று ஊசிக்கு முன்பே இருவரும் பேசிக்கொள்ளட்டும். டாக்டரின் அறையில் இரண்டு நாற்காலிகள் போடச் சொல்லுங்கள்.