தாயம் விழாவிட்டால் யார் குற்றம்?

தாயம் ஆடியவர்களுக்கு ஒரு வேதனை தெரியும். எதிரே இருப்பவரின் காய் பாதிக் கட்டம் தாண்டியிருக்கும். நம் காய் இன்னும் இறங்கியே இருக்காது. தாயம் விழுந்தால்தானே இறங்கும்! பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள், நான்காவது வெறும் முகம். ஒன்றில் வெறும் முகமும் மற்றதில் ஒற்றைப் புள்ளியும் விழுந்தால் தாயம். இரண்டு கட்டைகளும் சேர்ந்து பதினாறு விதமாக விழலாம். அதில் இரண்டுதான் தாயம். எட்டில் ஒன்று. கணக்குப் போட்டுப் பார்த்தால், பத்து முறை உருட்டியும் தாயம் காணாதவர் நாலு பேரில் ஒருவர் இருப்பார்.

ரப்பர் தோட்டங்களில் மழை பெய்து மரம் வெட்டப் போக முடியாத நாளில், லயத்து வாசலில் கோடு கிழித்து ஆடுவார்கள். என் பாட்டி கட்டையைத் திட்டுவார், தன் கையைத் திட்டுவார், எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்ணையும் சேர்த்துத் திட்டுவார். ஆனால், கட்டை செய்தவன் ஏமாற்றிவிட்டான் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கட்டைதான் அவர் கையிலேயே இருந்ததே!

என் அக்கா மகனுக்கு அந்த வசதி இல்லை. அவன் கட்டை கணினிக்குள் இருக்கிறது. "தொண்ணூத்தஞ்சு சதவீதம்னு போட்டிருக்கு மாமா, எப்படி மிஸ் ஆகும்? இவனுங்க ஏமாத்துறானுங்க!" என்று இரவில் அவன் போடும் கூச்சல், சாலாக் செலாத்தானில் எங்கள் அடுக்குமாடியின் மெல்லிய சுவர்களைத் தாண்டிப் பக்கத்து வீட்டுச் சீனத்துப் பாட்டிக்கும் கேட்கும்.

அவன் ஆடுவது 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3. முறை வைத்து ஆடும் சண்டை. நீ ஒரு அடி, எதிரி ஒரு அடி, பிறகு மீண்டும் உன் முறை. அடிக்கும் முன்பே அடி விழும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று திரையில் தெரியும். உள்ளே உருளுவது இருபது முகப் பகடை. (இதை உருவாக்கிய பெல்ஜிய நிறுவனமான லாரியனுக்கு நம் கோலாலம்பூரிலும் ஒரு கிளை உண்டு. இந்தக் கூச்சலில் நம் ஊருக்கும் பங்கிருக்கிறது.) எப்பேர்ப்பட்ட வீரனாக இருந்தாலும் பகடையில் 1 விழுந்தால் அடி தவறும். இருபதில் ஒன்று, அதாவது 5 சதவீதம். மிச்சம்தான் அந்த 95.

இருபது முறை அடித்தால் அதில் ஒன்றாவது தவறும் வாய்ப்பு 64 சதவீதம். சனிக்கிழமை இரவு முழுக்க உட்கார்ந்து இருநூறு அடி அடிப்பவனுக்குப் பத்து தவற வேண்டும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. 95 என்று படித்துவிட்டு மனத்துக்குள் 100 என்று எழுதிக்கொள்வதில்தான் வில்லங்கம்.

ஆட்டம் செய்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். சிவிலைசேஷன் ஆட்டங்களைப் படைத்த சிட் மெயர் 2010-இல் ஒரு மாநாட்டில் இதைப் பேசினார். மூன்றுக்கு ஒன்று என்று தங்களுக்குச் சாதகமான சண்டையில் தோற்றால் ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். நான்கில் ஒன்று தோற்கத்தானே வேண்டும்? கூடாதாம். அதுவே பாதகமான சண்டையில் ஜெயித்துவிட்டால் யாரிடமிருந்தும் புகார் இல்லை. அது அவர்கள் திறமை! கடைசியில் அவர் கணக்கையே ஆட்டக்காரரின் மனத்துக்கு ஏற்றபடி வளைத்தார்.

ஜப்பானின் ஃபயர் எம்பிளம் வரிசையில் 2002 முதல் வந்த பல ஆட்டங்கள் இதை இன்னும் நாசூக்காகச் செய்கின்றன. ஓர் எண்ணுக்குப் பதில் இரண்டு எண்களை எடுத்துச் சராசரி பார்க்கின்றன. அதனால் திரையில் 90 என்று காட்டுவது உள்ளே 98 ஆகிவிடுகிறது; 10 என்று காட்டுவது 2 ஆகிவிடுகிறது. ஆட்டக்காரர் பெரும்பாலும் பெரிய எண்ணின் பக்கம் இருப்பவர். லாபம் அவருக்கு. ஆக, பொய் சொல்வது உண்மைதான், ஆனால் நமக்குச் சாதகமாகச் சொல்கிறார்கள்!

அக்கா மகனின் ஆட்டத்தில் இதற்கு 'கர்மப் பகடை' என்றே பெயர். தோல்வியோ வெற்றியோ வரிசையாக விழுந்துகொண்டே போகாமல் அது பார்த்துக்கொள்ளும். நாமாக அணைக்காவிட்டால் பாட்டுக்கு இயங்கிக்கொண்டிருக்கும். மூன்று அடி தவறியதும் "நாலாவது கண்டிப்பா விழும்" என்பான் இவன். அந்த ஆட்டத்தில் அது ஓரளவு உண்மையும்கூட.

இங்கேதான் எனக்கு உதறுகிறது. எங்கள் புளோக்கில் ஒரு பெரியவர் ஆண்டுக்கணக்கில் ஒரே நாலு நம்பரை எடுக்கிறார். எப்போதோ மோதி நொறுங்கிய ஒரு லாரியின் பதிவு எண் அது. "இவ்வளவு நாள் வரலை, இனிமே வந்துதானே தம்பி ஆகணும்?" என்பார். பத்தாயிரம் எண்களில் அது ஒன்று. வாரம் மூன்று குலுக்கல் என்றால் ஆண்டுக்கு 156. முதல் பரிசுக்குச் சராசரியாக 64 ஆண்டு காத்திருக்க வேண்டும். சென்ற வாரம் வராதது குலுக்கும் இயந்திரத்துக்கு ஞாபகம் இருக்காது. கர்மப் பகடை அங்கே இல்லை. பெரியவர் பேசுவதையும் பிள்ளை பேசுவதையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

பகடையில் நாட்டை இழந்த நளனின் கதை நமக்குத் தெரியும். அவன் மீண்ட விதம் பலருக்கு நினைவிருக்காது. தேரோட்டியாக ஒளிந்திருந்தபோது, அவன் எஜமான் இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் இலை இவ்வளவு, காய் இவ்வளவு என்று சொல்கிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. அந்த வித்தையைத்தான் அவனிடம் கற்றுக்கொள்கிறான். வேறு நல்ல பகடை கொடு என்று கேட்கவில்லை. சூதில் தோற்றுக் காட்டிலிருந்த தருமனுக்கு இந்தக் கதையைச் சொன்ன முனிவர், பகடை நுணுக்கத்தையும் அவனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டே போகிறார்.

அக்கா மகனிடம் கர்மப் பகடையை அணைக்கச் சொன்னேன். 95 காட்டும் அடிகளை மட்டும் ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே இரண்டு வாரம் எண்ணினான். 140 அடியில் 8 தவறியிருந்தன. கணக்குப்படி 7 தவற வேண்டும் என்றேன்.

"பார்த்தீங்களா மாமா, ஒன்னு கூட! நான் சொல்லல?" என்கிறான்.