ஆறும் வரை பொறுத்திருங்கள்



ஐந்து மில்லிமீட்டர் அளவுள்ள பிளாஸ்டிக் மணிகளை முளைப்பலகையில் ஒவ்வொன்றாக அடுக்கிப் பிள்ளைகள் படம் செய்கிறார்கள். இஸ்திரிப் பெட்டியால் அம்மணிகளை உருக்கி ஒட்டும் வேலை மட்டும் பெரியவர்களாகிய நம்முடையது. அவர்கள் பல மணிநேரம் செய்ததை ஒரு நிமிடத்தில் கெடுத்துவிடவும் நம்மால் கூடும்.

என் பேத்தி செய்த மீனை நான் அவ்வாறே கெடுத்தேன். நன்றாக ஒட்டட்டும் என்று மிகுந்த சூட்டில் அழுத்தினேன். ஆறுமுன் கையில் எடுத்தேன். மீன் ஓடுபோல் வளைந்துவிட்டது. "பரவாயில்லை தாத்தா" என்றாள். அவள் முகமோ வாடியிருந்தது.

சூட்டைக் கூட்டினால் சமமான பரப்பு கிடைக்கும் என்பது தவறான எண்ணம். நீராவியை நிறுத்தி, மிதமான சூட்டில், மணிகளின்மேல் பேக்கிங் தாளை விரித்து, பெட்டியை மெல்ல வட்டமாக நகர்த்துங்கள். மணிகள் எங்கும் ஒரே சீராக ஒட்டியதும் நிறுத்துங்கள். உடனே தாளோடு சேர்த்து அதன்மேல் கனமான புத்தகங்களை வையுங்கள். பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்குகிறது. ஒரு பக்கம் முந்தியும் மறுபக்கம் பிந்தியும் சுருங்கினால் வளைகிறது. மேலுள்ள பாரமே அதை நேராக நிறுத்துகிறது. முற்றிலும் ஆறியபின் பலகையினின்று எடுத்துத் திருப்பி, மறுபக்கத்தையும் இவ்விதமே செய்யுங்கள்.

ஆகவே, சூடேற்றும் சில விநாடிகளைவிட ஆறவிடும் சில நிமிடங்களையே நான் பெரிதாக எண்ணுகிறேன். பிள்ளை அத்தனை பொறுமையோடு அடுக்கியதற்கு, நாமும் அந்தச் சில நிமிடங்கள் பொறுத்திருக்கக் கடன்பட்டிருக்கிறோம்.